பால்மரமும் பூச்சிகொல்லிப் பூவும்: ஐந்து கார்பன் அலகின் வரலாறு

மலாயாவின் பேராக் மாநிலத்துக்கு பிரிட்டிஷ் ரெசிடெண்டாக 1877இல் பொறுப்பேற்ற ஹியூ லோ, கோலகங்சாரில் தம் மாளிகைத் தோட்டத்தில் ஒன்பது ரப்பர் கன்றுகளை நட்டார். முந்தைய ஆண்டு ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுசென்ற விதைகளின் வழிவந்தவை அவை. அடுத்த ஐம்பதாண்டுகளில் பேராக்கின் ரப்பர் தோட்டங்களில் உழைத்த தமிழரின் வாழ்க்கையை இந்த மரமே நிர்ணயித்தது. அது பாலை எப்படி உண்டாக்குகிறது என்பது தெளிவாக அதைவிடக் கூடுதல் காலம் பிடித்தது.

ரப்பரில் ஐந்து கார்பனுக்கு எட்டு ஹைட்ரஜன் என்று மைக்கேல் ஃபாரடே 1826இலேயே கணித்திருந்தார். 1860இல் கிரெவில் வில்லியம்ஸ் ரப்பரைக் காய்ச்சி வடித்து ஐசோப்ரீனைப் பிரித்தார். மணத்தைலங்களை ஆராய்ந்த ஓட்டோ வாலக், 1887இல் அவற்றின் சேர்மங்களும் இதே ஐந்து கார்பன் அலகின் மடங்குகள் என்றார். டெர்பினாய்டுகள் என்னும் பெருங்குடும்பம் இப்படித்தான் உருப்பெற்றது. செவ்வந்தி இலையைக் கசக்கினால் எழும் கற்பூர வாடை பத்துக் கார்பன் சேர்மங்களுடையது. ரப்பரோ பல ஆயிரம் அலகுகள் கோத்த சங்கிலி.

அதைச் சங்கிலி என்று ஏற்கவே பலர் தயங்கினர். சிறு வளையங்களின் திரள் என்பதே அன்றைய வழக்கு. ஒரே நீண்ட மூலக்கூறு என்று 1920இல் வாதிட்டவர் ஹெர்மன் ஸ்டாடிங்கர். அவரே லியோபோல்ட் ருசிக்காவுடன் சேர்ந்து, அன்று செவ்வந்தி இனத்தில் வைக்கப்பட்டிருந்த பைரித்திரப் பூவின் பூச்சிக்கொல்லி நஞ்சையும் ஆராய்ந்தார். 1924இல் வெளியான அந்த முடிவுகளில் கிரிசாந்தமிக் அமிலத்தின் அமைப்பு இருந்தது. பூவும் பால்மரமும் ஒரே மேசையில் சந்தித்ததைத் தற்செயல் என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. 1953இல் டெர்பீன்கள் உயிருக்குள் உருவாகும் பொதுவிதியை வகுத்தவரும் இதே ருசிக்காதான்.

செடி ஐசோப்ரீனை நேரடியாகக் கோப்பதில்லை. பாஸ்பேட் ஏற்றிய இரண்டு வடிவங்களில்தான் அது அலகைக் கையாள்கிறது. 1956இல் மெவலோனிக் அமிலம் கண்டறியப்பட்ட பின், சர்க்கரையிலிருந்து அவ்வலகு வரையிலான பாதை துலங்கியது. பசுங்கணிகங்களில் வேறொரு பாதையும் இருப்பதை மிஷேல் ரோமர் 1990களில் காட்டினார். பால்மரம் பெரும்பாலும் முதல் பாதையில் அலகுகளைச் செய்து, பால்குழலிலுள்ள நுண்துகள்களின் மேற்பரப்பில் ஒவ்வொன்றாக நீட்டுகிறது. பைரித்திரமோ பசுங்கணிகத்தில் இரண்டு அலகுகளை வழக்கமான நுனியில் சேர்க்காமல் நடுவில் பொருத்தி, முக்கார்பன் வளையத்தை உண்டாக்குகிறது. இதைச் செய்யும் நொதியின் மரபணுவை டேல் பவுல்ட்டரின் குழு 2001இல் இனங்கண்டது.

ஆய்வுக்கூடத்துக்கு முன்பே தோட்டத்தில் சில உண்மைகள் புழங்கின. இருட்டிலேயே பேரட்டுக்கு, அதாவது வேலைக்கு முந்தைய பெயரழைப்புக்கு, போய் விடியுமுன் மரம் சீவியவர்களுக்கு, வெயிலேறினால் பால் குறையும் என்று தெரியும். பால்குழல்களின் அழுத்தம் அப்போது தணிகிறது. கத்தி ஆழமாக இறங்கினால் மரத்தில் காயம் விழும், பட்டை சீராக வளராது என்றும் அறிவார்கள். ரப்பர் ஆய்வின் வரலாற்றில் இந்தக் கைப்பழக்க அறிவுக்குத் தனி அத்தியாயமே உண்டு என்பேன். ஆனால் உயிர்வேதியியல் முழுமைபெற்ற பத்தாண்டுகளில் பேராக்கின் பல தோட்டங்கள் செம்பனைக்கு மாறிக்கொண்டிருந்தன.

பைரித்திரத்தின் பயணம் வேறு. கிரிசாந்தமிக் அமிலத்தை வைத்து 1949இல் செயற்கையாக அலெத்ரின் செய்தனர். கொசுவத்திச் சுருளின் மருந்தாக அது பரவியது. இரவில் தோட்டத் தொழிலாளரின் லயத்து வீடுகளில் புகைந்த சுருளிலும், விடிந்தால் மங்கு என்னும் பால்கிண்ணத்தில் சொட்டிய பாலிலும் இருந்தது அதே ஐந்து கார்பன் கட்டமைப்புதான்.