எலும்புப் புரதத்தின் விடுபட்ட பாதி

எலும்பை வளர்க்கும் புரதங்களின் வரலாறு பெரும்பாலும் இரண்டு ஆண்டுகளை வைத்தே சொல்லப்படுகிறது. 1965-இல் லாஸ் ஏஞ்சலிஸில் எலும்பு அறுவை மருத்துவர் மார்ஷல் யூரிஸ்ட், அமிலத்தில் ஊறவைத்துச் சுண்ணச்சத்து நீக்கிய எலும்பை முயல், எலி முதலியவற்றின் தசைக்குள் வைத்தபோது அங்கே புது எலும்பு உருவானதாக எழுதினார். 1988-இல் ஜான் வோஸ்னி குழுவினர் அதற்குக் காரணமான, பி.எம்.பி. எனப்படும் எலும்பாக்கப் புரதங்களின் மரபணுக்களைப் பிரித்தெடுத்தார்கள். யூரிஸ்ட் போட்ட புதிரை வோஸ்னி அவிழ்த்தார் என்று கதை முடிந்துவிடுகிறது. ஆனால் இடையில், 1981-இல் நடந்த ஒரு சோதனையைத்தான் இந்த வரலாற்றின் திருப்பமாகக் கொள்ள வேண்டும்.

தில்லிப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று அமெரிக்கா சென்ற ஹரி ரெட்டி, 1972-இல் சார்லஸ் ஹக்கின்ஸுடன் சேர்ந்து இந்த நிகழ்வை நாள் வாரியாக வரிசைப்படுத்தினார். அமிலத்தில் ஊறிய எலும்புத்தூளை எலியின் தோலுக்கடியில் வைத்தால் மூன்றாம் நாளில் முதிராத செல்கள் பெருகுகின்றன. ஒரு வாரத்தில் குருத்தெலும்பு தோன்றுகிறது. பத்துப் பன்னிரண்டு நாளில் எலும்பாக்கச் செல்கள் வேலையைத் தொடங்குகின்றன. மூன்று வாரத்தில் மஜ்ஜையும் வந்துவிடுகிறது. 1981-இல் ரெட்டியும் சக ஆய்வாளர் சம்பத்தும் அதே தூளிலிருந்து புரதங்களைக் குவானிடின் கரைசலில் கரைத்தெடுத்தார்கள். எஞ்சிய சக்கை, பெரும்பாலும் கொலாஜன், எலும்பைத் தரவில்லை. சாறும் தனியாகத் தரவில்லை. இரண்டையும் திரும்பக் கலந்து வைத்ததும் எலும்பு உருவானது. செல்லுக்குக் கட்டளையிடும் புரதமும், அந்தக் கட்டளையை ஓரிடத்தில் பிடித்துவைக்கும் தாங்கியும் சேர்ந்ததே இந்த ஆற்றல் என்பது அன்று தெளிவானது.

அந்தச் சாறு பல புரதங்களின் கலவைதானே, மரபணு கையில் கிடைக்கும்வரை எந்தப் புரதம் என்று எப்படிச் சொல்ல முடியும் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. தூய பி.எம்.பி.-2 கிடைத்தது மரபணுவால்தான். ஆனால் 1988-இன் பட்டியலில் பி.எம்.பி.-1 என்று இடம்பெற்றது, கொலாஜனின் முன்வடிவைக் கத்தரிக்கும் நொதி என்று 1996-இல் தெரியவந்தது. அது வளர்ச்சிக் காரணியே அல்ல. மரபணு, புரதத்துக்கு அடையாளம் கொடுத்தது. அது எலும்பைத் தோற்றுவிக்குமா என்பதற்கு விலங்குச் சோதனையே சாட்சி சொல்ல வேண்டியிருந்தது.

தூய புரதம் வந்தபின் தாங்கி வெறும் உறைதானே என்பது அடுத்த மறுப்பு. மருத்துவமனை அனுபவம் இதற்கு எதிராக இருக்கிறது. கீழ்முதுகெலும்பு இணைப்புக்கு 2002-இல் அமெரிக்க அரசு அனுமதித்த பி.எம்.பி.-2 மருந்தும் கொலாஜன் பஞ்சில் ஊறவைத்தே பொருத்தப்பட்டது. எலும்பில் இயல்பாக இருப்பதைவிட மிக அதிகமான அளவு அதில் தேவைப்பட்டது. அனுமதி பெறாத கழுத்து முதுகெலும்பு அறுவைகளில் அதைப் பயன்படுத்தியபோது உயிருக்கு ஆபத்தான வீக்கம் ஏற்பட்டதால், 2008-இல் அதே அரசு எச்சரிக்கை விடுத்தது. எவ்வளவு புரதம் என்பதோடு, அது எங்கே, எவ்வளவு நேரம் தங்குகிறது என்பதும் மருந்தின் பகுதிதான். தாங்கியைத் துணைப்பொருளாக ஒதுக்கும் வரலாறு, 1981-இலேயே கிடைத்த பாடத்தை மருத்துவர்கள் மறுபடி நோயாளிகளிடம் கற்க நேர்ந்ததன் காரணத்தை விளக்காது.