27 தொகுதிகளும் சில பெயர்களும்

மேற்கத்திய இசை பற்றிப் பேச எனக்கு அருகதை கிடையாது. நோட்டேஷன் வாசிக்கத் தெரியாது. ஆனால் ஒரு ஆவணக் காப்பகம் யார் பெயரைத் தாங்குது, யாரை விழுங்குது என்பது நம் எல்லோருக்குமான கேள்வி. அந்த உரிமையில்தான் இத்தாலியின் டூரின் தேசியப் பல்கலைக்கழக நூலகத்திலுள்ள விவால்டியின் 27 தொகுதிகள் பற்றி எழுதுகிறேன்.

1741இல் வியன்னாவில் விவால்டி வறுமையில் செத்தார். அவர் தன்னிடம் வைத்திருந்த இசைப் பிரதிகள், சுமார் 450 படைப்புகள், கைமாறிக் கைமாறி ஜெனோவாவின் துராட்ஸோ பிரபுக் குடும்பத்திற்குப் போயின. வாரிசுகள் பாகம் பிரித்ததில் தொகுப்பும் இரண்டாகிப் போச்சு. 1926இல் பியட்மாண்டிலுள்ள ஒரு சலேசியப் பள்ளி, பணத் தேவைக்காகத் தன்னிடமிருந்த பாதியை விற்க முனைந்தது. மதிப்பிட்டவர் டூரின் பல்கலைக்கழக இசை வரலாற்றாசிரியர் அல்பெர்தோ ஜென்டிலி. தொகுதி எண்கள் விட்டுவிட்டு இருப்பதைப் பார்த்து, மறுபாதி எங்கேயோ இருக்கணும் என்று கண்டுகொண்டார். 1930இல் அதுவும் நூலகத்துக்கு வந்தது.

வாங்கக் காசு கொடுத்தது அரசு இல்லை. பங்குத் தரகர் ரோபெர்தோ ஃபோவாவும் ஜவுளி முதலாளி ஃபிலிப்போ ஜோர்தானோவும். இருவருமே சின்னஞ்சிறு மகனைப் பறிகொடுத்தவர்கள். மௌரோ, ரென்ட்ஸோ என்ற அந்தப் பிள்ளைகளின் பெயரில்தான் இன்றும் இத்தொகுப்புகள் இருக்கின்றன. இதை முதலாளிகளின் புகழாசை என்று தள்ளிவிட எனக்கு மனசு வரலை.

தள்ள முடியாத விஷயம் வேறு. ஜென்டிலி யூதர். 1938இல் பாசிச அரசின் இனச் சட்டங்கள் அவரைப் பல்கலைக்கழகத்திலிருந்து வெளியேற்றின. அடுத்த வருஷம், 1939 செப்டம்பரில், சியெனா நகரில் காசெல்லாவின் தலைமையில் 'விவால்டி வாரம்' நடந்தது. இந்தத் தொகுதிகளிலிருந்த 'குளோரியா' அங்கே ஒலித்தது. தேசம் தன் மேதையை மீட்டுக்கொண்டது. கண்டெடுத்தவருக்கு அந்த மேடையில் இடமில்லை.

இன்னும் ஆழத்தில் இன்னொரு மௌனம். இந்தத் தாள்களில் பலவும் வெனிஸின் பியெத்தா விடுதிப் பெண்களுக்காக எழுதப்பட்டவை. கைவிடப்பட்ட குழந்தைகளாக வந்து சேர்ந்தவர்கள். கம்பித் தட்டிக்குப் பின்னால் நின்று பாடினார்கள், வாசித்தார்கள். குடும்பப் பெயர் கிடையாது. வாசித்த கருவியே பட்டப் பெயர்: வயலின் அன்னா மரியா.

காப்பகம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது இல்லாவிட்டால் இந்தக் கேள்வியையே கேட்டிருக்க முடியாது. ஆனால் அலமாரி எண்ணில் ஃபோவா இருக்கிறார், ஜோர்தானோ இருக்கிறார். ஜென்டிலி இல்லை, அன்னா மரியாவும் இல்லை. வரலாறு எழுத உட்காருகிறவர் அலமாரி எண்ணோடு நின்றுவிடக் கூடாது.