காந்திகிராம கிராமியம்: ஒரு பெயரின் வழி

சின்னாளப்பட்டிக்கு அருகில், சிறுமலை அடிவாரத்தில் இருக்கிறது காந்திகிராம கிராமிய நிகர்நிலைப் பல்கலைக்கழகம். ஊரார் வாயில் அது ‘ஜி.ஆர்.ஐ.’ முழுப்பெயரில் கிராமம் இரண்டு முறை வருகிறதே, கூறியது கூறல் குற்றமா? இல்லை. முன்னது இடம், பின்னது கொள்கை.

இடம் 1947-இல் பிறந்தது. டி.வி.எஸ். நிறுவனரின் மகளான மருத்துவர் சௌந்தரமும், சாந்திநிகேதனில் பயின்ற அவர் கணவர் ஜி. ராமச்சந்திரனும் நிர்மாணப் பணிக்காகத் தொடங்கிய காந்திகிராமம் அது. குஜராத்தியில் ‘காந்தி’ என்றால் வாசனைப் பொருளும் மளிகையும் விற்பவர்; ‘கந்தம்’ என்ற மணச்சொல்லே வேர். தம் முன்னோர் மளிகை வணிகராக இருந்திருக்க வேண்டும் என்று காந்தியே தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார்.

‘கிராமம்’ வேத மொழியில் முதலில் மக்கள் கூட்டத்தைக் குறித்து, பிறகு அவர்கள் தங்கிய ஊரைக் குறித்தது. அதிலிருந்து வந்த ‘கிராமியம்’ என்ற சொல்லின் கதை வேறு. வடமொழி அணியியலில் அது ஒரு குற்றத்தின் பெயர். நயமற்ற கொச்சைப் பேச்சைக் கவிதையில் வைப்பது ‘கிராமிய தோஷம்’. தமிழிலும் ஆட்டுமாடு அடைக்கும் தொழுவத்தையும் சிற்றூரையும் சுட்டிய ‘பட்டி’, காட்டோடு சேர்ந்து ‘பட்டிக்காடு’ என்ற வசையானது.

‘கழகம்’ எதிர்த் திசையில் நடந்த சொல். குறளின் சூது அதிகாரத்தில் அது சூதாடும் இடம். கம்பரிடம் கலை பயிலும் இடம். பல கலைகளுக்கான கழகமே பல்கலைக்கழகம்.

‘நிகர்நிலை’ சட்டம் தந்த அடைமொழி. 1956-இல் இங்கே கிராமிய உயர்கல்வி நிறுவனம் தொடங்கியது. பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டமும் அதே ஆண்டில் வந்ததுதான். அதன் 3-ஆம் பிரிவின்படி 1976-இல் இந்நிறுவனம் பல்கலைக்கழகத்துக்கு நிகரானது என அறிவிக்கப்பட்டது. ராமச்சந்திரனே முதல் துணைவேந்தர்.

ஆக, பெயரின் நடுநாயகம் ‘கிராமியம்’தான். இலக்கணக்காரர்கள் குற்றப் பட்டியலில் வைத்த சொல்லை இந்நிறுவனம் பாடத்திட்டத்தில் வைத்தது. ஊரக வளர்ச்சியும் கூட்டுறவும் இங்கே பட்டப்படிப்புகள். வாய்க்கு வசதியாக ‘காந்திகிராமப் பல்கலை’ என்று சுருக்குகிறவர்கள் விடக்கூடாத சொல்லையே விட்டுவிடுகிறார்கள்.