வசந்தசேனையின் மொழி

சூத்திரகரின் மிருச்சகடிகம் பத்து அங்கங்களைக் கொண்ட வடமொழி நாடகம், பண்டிதமணி மு. கதிரேசச் செட்டியார் இதனை 'மண்ணியல் சிறுதேர்' எனத் தமிழாக்கினார். உச்சயினியில் கொடையால் வறியவனான அந்தணக் குலத்துச் சாருதத்தனும், பொருள் கருதாது அவனை விரும்பிய கணிகை வசந்தசேனையும் இதன் தலைமக்கள்.

இந்நாடகத்தில் மொழி சமூக நிலையைச் சுட்டுகிறது. வறுமையுற்றும் சாருதத்தன் சமஸ்கிருதமே பேசுகிறான். அவன் மனைவி தூதை பேசுவது பிராகிருதம். வசந்தசேனையும் பெரும்பாலும் பிராகிருதமே பேசுகிறாள். எனினும் 4ஆம் அங்கத்தில் விதூஷகனை வரவேற்கையிலும், 5ஆம் அங்கத்தில் மழையினூடே காதலனை நாடிச் செல்கையிலும் அவள் சமஸ்கிருதத்திற்கு மாறுகிறாள். கணிகையர் வேண்டுமிடத்துச் சமஸ்கிருதம் பேச நாட்டிய சாத்திரம் இசைவு தருகிறது.

10ஆம் அங்கத்தில் புதிய அரசன் ஆரியகன் அவளுக்கு 'வதூ' என்னும் சொல்லை வழங்கி, அவளைக் குலமனைவியாக ஏற்கச் செய்கிறான். அதற்கு அவள் கூறும் விடை பிராகிருதத்தில் அமைந்த ஒரு சிறு தொடர். சமஸ்கிருதச் செய்யுள் கூறிய புலமை, கணிகை என்னும் நிலையோடு பிணைந்திருந்தது. மனைவி என்னும் பெயர் அவளுக்குப் பாதுகாப்பையும் மதிப்பையும் தந்தது. ஆனால் அப்பெயருக்குரிய மொழி தூதையின் மொழியே என்பது இங்குக் கருதத்தக்கது.