மரையின் சாட்சியம்

தொலைந்துபோன பாகத்தைப் புதிதாகச் செய்து பொருத்துவது வாசிப்பா, எழுத்தா? பழைய தேவாலயங்களை முன்னிட்டு ஐரோப்பா பத்தொன்பதாம் நூற்றாண்டில் சண்டையிட்ட கேள்வி இது. ஒரு கட்டிடத்துக்கு எந்தக் காலத்திலும் இருந்திராத முழுமையைக்கூடத் தரலாம் என்றார் பிரான்ஸின் வியோலே-லெ-டுக். புனரமைப்பு என்பதே பொய் என்று 1849லேயே எழுதிவிட்டார் ரஸ்கின். அவர் வழி வந்த வில்லியம் மாரிஸ் 1877ல் பழங்கட்டிடங்களைக் காக்க ஒரு சங்கமே வைத்தார். இரு கட்சிகளையும் கைக்குள் அடங்கும் ஒரு பொருளில் சோதித்துப் பார்க்க முடியும். அது கார்பைடு சைக்கிள் விளக்கு.

1892ல் அமெரிக்காவின் வட கரோலினாவில், ஸ்ப்ரே என்ற ஊரில், அலுமினியம் எடுக்கும் முயற்சியில் தாமஸ் வில்சன் சுண்ணாம்பையும் தாரையும் மின் உலையில் காய்ச்சினார். கிடைத்தது கால்சியம் கார்பைடு. இன்று மாங்காயைப் பழுக்கவைக்கத் திருட்டுத்தனமாக வைக்கிறார்களே, அதே கல். தண்ணீர் பட்டால் அஸிடிலீன் வாயுவை விடும். சில வருஷங்களுக்குள் அது சைக்கிளின் முன்னால் வெள்ளை வெளிச்சமாகிவிட்டது. விளக்கின் அமைப்பு எளியது. மேலே தண்ணீர் அறை, கீழே கல் அறை, இடையில் நீரைச் சொட்டுச் சொட்டாக இறக்கும் ஊசித் திருகு. கிளம்பும் வாயு மாக்கல் முனையின் இரு துளைகள் வழியே வந்து, மோதி, தட்டைச் சுடராகும்.

கழற்றித் துடைக்கக் கூடியதே முதலில் தொலையும். இந்த விளக்கில் அது ஊசித் திருகு. அதைக் கடைய உட்காருபவன் முதலில் பார்க்க வேண்டியது, திருகு போன பின்னும் விளக்கின் உடம்பில் தங்கிவிட்ட உள்மரையை. பித்தளைக் குழாய் வேலைகளில் பிரிட்டிஷ் பட்டறைகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. விட்டம் எதுவானாலும் அங்குலத்துக்கு 26 புரி. புரியின் கோணம் 1841ல் விட்வொர்த் முன்மொழிந்த 55 டிகிரி. சைக்கிள் எஞ்சினியர்கள் 1902ல் தங்களுக்கென வகுத்த மரையிலும் பல அளவுகளுக்கு அதே 26தான். கோணம் மட்டும் 60. எண்ணிப் பார்ப்பவனுக்கு இரண்டும் ஒன்று, உலோகத்துக்கு ஒன்றல்ல.

26 புரியில் ஒரு புரிக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 0.977 மில்லிமீட்டர். ஒரு மில்லிமீட்டர் மரை வெட்டிய இன்றைய திருகை அதில் வைத்தால் முதல் இரண்டு மூன்று சுற்று சுகமாக ஏறும். பிறகு இறுகும். அப்போதும் கையைத் தளர்த்தாமல் முறுக்கினால், பழைய மரையை அழித்துக்கொண்டு ஏறும். என்றோ ஒரு தொழிலாளி வெட்டியதற்கு இருந்த கடைசிச் சாட்சி அங்கே போய்விடுகிறது. ஏறக்குறைய சரியாக இருப்பதன் அபாயம் இது. விமர்சனத்திலும் நாம் பழகிப்போன அபாயம்.

உலோகமும் மூலபாடத்தைச் சேர்ந்தது. கடைய இதமாக இருக்கிறதென்று சுத்தச் செம்பில் செய்தால், ஈரமான அஸிடிலீன் செம்போடு சேர்ந்து, உலர்ந்தபின் தட்டினாலே வெடிக்கும் ஒரு பொருளை உண்டாக்கும். இங்கே பித்தளை என்பது வெறும் அழகியல் தேர்வில்லை.

ஆனால் அதே திருகின் மறுமுனை? விரல் பிடிக்கும் குமிழ் எப்படி இருந்தது என்பதற்கு விளக்கின் உடம்பில் ஒரு தடயமும் கிடையாது. அதே மாதிரியில் முழுசாகத் தப்பிய இன்னொரு விளக்கு அகப்பட்டால் பாக்கியம். இல்லாவிட்டால் குமிழ், கடைபவனின் கற்பனை. ஒரே திருகில் ஒரு முனை வாசிப்பு, மறுமுனை எழுத்து.

ஊகம் தொடங்கும் இடத்தில் புனரமைப்பு நின்றுவிட வேண்டும். இட்டு நிரப்பியது முழுமையோடு இசைந்தாலும் புதிதென்று அடையாளம் தெரிய வேண்டும் என்று 1964ல் வெனிஸில் கூடியவர்கள் வகுத்தார்கள். குமிழ் இல்லாமல் திருகைத் திருப்ப முடியாது, ஆகவே நிற்பதற்கில்லை. சொல்லிவிட்டுத் தொடரலாம். குமிழை அலங்காரமின்றிக் கடைந்து, அடியில் செய்த வருஷத்தைப் பொறித்துவிட்டால் போதும். ரஸ்கினின் கோபம் உள்மரையைப் படித்துச் செய்த முனைக்குப் பொருந்தாது. வருஷத்தை மறைத்து, பித்தளையை அமிலத்தில் கறுக்கவைத்து, பழசென்று விற்கும் குமிழுக்கு முழுக்கப் பொருந்தும். அந்த வியாபாரத்தில் இரண்டு தொழிலாளிகள் காணாமற்போகிறார்கள். பழைய விளக்கைச் செய்தவன், தான் செய்யாததைச் செய்தவனாகிறான். புதிய திருகைக் கடைந்தவன், தான் செய்ததைச் செய்யாதவனாகிறான்.