மேடான் வட்டிக்கடையில் கருவான நாவல்

1938-ஆம் ஆண்டு சிங்கம்புணரி இளைஞர் ஒருவர் பிழைப்புத் தேடிக் கப்பலேறினார். போய்ச் சேர்ந்தது சுமத்ராவின் மேடான் நகரத்து வட்டிக்கடை. நாலு காசு சேர்த்துக்கொண்டு சத்தமில்லாமல் ஊர் திரும்பியிருக்க வேண்டியவர்தான். ஆனால் 1942 மார்ச்சில் ஜப்பானியப் படை மேடானுக்குள் புகுந்தது.

நகரமே நடுங்கியதை அந்த இளைஞர் ப. சிங்காரம் கண்ணால் பார்த்தார். பேரேடு புரட்டிய எத்தனையோ கைகள் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் துப்பாக்கி பிடித்த காலம் அது. அங்கேயே மணமுடித்தார்; மனைவியைப் பிரசவத்தில் பறிகொடுத்தார். 1946-இல் தனியாளாகத் திரும்பி, மதுரை 'தினத்தந்தி'யில் சேர்ந்தார். மேடானில் படித்த ஹெமிங்வே மட்டும் அவரை விடவில்லை.

இந்திய தேசிய ராணுவத்திலிருந்து திரும்பிய செல்லையாவின் கதையாக 1950 வாக்கில் 'கடலுக்கு அப்பால்' எழுதினார். பதிப்பிக்க ஆளில்லை. போரையே பார்த்திராத அமெரிக்க எழுத்தாளர் ஸ்டீஃபன் கிரேன், ஓர் இளம் சிப்பாயின் அச்சத்தை 'தி ரெட் பேட்ஜ் ஆஃப் கரேஜ்' நாவலாக்கி 1895-இல் உடனே புகழ்பெற்றார். போருக்குள் வாழ்ந்த சிங்காரத்தின் கைப்பிரதியோ தூங்கியது. கடைசியில் மயிலாப்பூர் 'கலைமகள்' இதழின் நாவல் போட்டிக்கு அதை அனுப்பிவைத்தார்.

பரிசு கிடைத்தது, 1959-இல் புத்தகமும் வந்தது. அந்தத் தெம்பில் இன்னும் பெரிதாக ஒன்றை 1962-இல் எழுதி முடித்தார். பாண்டியன் என்ற வட்டிக்கடை இளைஞன் ராணுவத்தில் சேர்கிறான். சாவுக்குத் துணிந்தவன், உள்ளுக்குள் மதுரைத் தெருக்களுக்கு ஏங்குகிறான். வீரத்தையும் கலக்கத்தையும் ஒரே நெஞ்சில் இப்படி வைத்துக் காட்டிய தமிழ் நாவல் அதற்குமுன் இல்லை என்பேன். அதையும் யாரும் சீந்தவில்லை. ஒரு வருடமா, இரண்டு வருடமா?

பத்து வருடம். எழுத்தாளர் மலர்மன்னனின் முயற்சியால் 1972-இல் தியாகராய நகர் கலைஞன் பதிப்பகம் வெளியிட்டது. பினாங்கு போகும் வியாபாரிகளோடு நடுக்கடலில் தத்தளிக்கும் தொங்கான் என்ற பாய்மரக்கலமே அதற்குப் பெயர் தந்தது: 'புயலிலே ஒரு தோணி'.

அப்போதும் பெரிதாகப் பேச்சில்லை. விமர்சகர் சி. மோகன் போன்றவர்கள் விடாமல் எழுதி எழுதித்தான் வாசகர்களிடம் கொண்டுசேர்த்தார்கள். மதுரை ஒய்.எம்.சி.ஏ. அறையில் தனியே வாழ்ந்த சிங்காரம் 1997 டிசம்பரில் காலமானார். பிறகு தமிழினி பதிப்பகம் இரு நாவல்களையும் ஒரே தொகுதியாக்கியது, பதிப்புகள் தொடர்ந்தன. மூன்றாவது நாவல் ஒன்றை மட்டும் அவர் எழுதவே இல்லை. அந்தப் பத்து வருடத் தாமதம் தமிழுக்கு வைத்த நஷ்டம் அதுதான்.