தொலைபேசியின் காது

உருவம் உள்ளடக்கத்திலிருந்து பிறக்கிறது என்பதை நம் விமர்சகர்கள் ஏறக்குறைய ஒரு மதமாகவே ஆக்கிவிட்டார்கள். கவிதையைப் பொறுத்தவரை எனக்கும் அதில் நம்பிக்கை உண்டு. ஆனால் ஒரு கலை ஏதாவது சாதனத்தின் வழியாக நம்மிடம் வந்து சேரும்போது, அதன் உருவத்தைத் தீர்மானிப்பது பல சமயங்களில் உள்ளடக்கமும் இல்லை, கலைஞனும் இல்லை. சம்பந்தமே இல்லாத வேறொரு சாதனத்தின் போதாமை. 78 சுற்று இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிஷத்துக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் இடம் இருந்தது. விஸ்தாரமாகப் பாடவேண்டிய கீர்த்தனையை நம் வித்வான்கள் அதற்குள் மடித்து வைத்தார்கள். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் பின்னால் வந்த டிஜிட்டல் ஒலி மட்டும் சுத்தமானது, எண்ணாலானது, எந்தச் சாதனத்தின் கறையும் படியாதது என்று ஓர் எண்ணம் எப்படியோ பரவியிருக்கிறது. அந்த எண்ணத்தைச் சற்றுச் சுரண்டிப் பார்க்கலாம்.

காம்பாக்ட் டிஸ்க் 1982 அக்டோபரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. பிலிப்ஸும் ஸோனியும் சேர்ந்து வகுத்த முறை. ஒலியலையின் உயரத்தை விநாடிக்கு 44,100 தடவை அளந்து, ஒவ்வோர் அளவையும் 65,536 படிகளில் மிக அருகிலுள்ள ஒன்றாக முழுதாக்கி எழுதுவது. வட்டிக் கணக்கில் பைசாவைக் கிட்டத்து ரூபாயாக்கும் அதே வேலைதான். என்னைப் போன்றவர்களுக்கு இதில் மர்மம் ஒன்றும் இல்லை. ஆனால் ஏன் 44,100? மனிதக் காது ஏறக்குறைய 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும், அதற்கு இரண்டு மடங்குக்குச் சற்று மேல் அளந்தால் போதும் என்பது விதி. அந்த விதியின்படி 42,000-மும் சரி, 45,000-மும் சரி. 44,100 வந்தது காதிலிருந்து அல்ல, டெலிவிஷனிலிருந்து. அத்தனை எண்களைக் கொள்ளக்கூடிய நாடா அன்று வீடியோ நாடா ஒன்றுதான். படத்துக்குப் பதிலாக அதன் கோடுகளில் எண்களை எழுதினார்கள். கோட்டுக்கு 3 அளவுகள், திரையை ஒரு தடவை வருடுவதற்கு 245 கோடுகள், விநாடிக்கு 60 தடவை: பெருக்கினால் 44,100. ஐரோப்பிய முறையில் 294 கோடுகள், 50 தடவை. அதுவும் 44,100. இரண்டு கண்டங்களின் டெலிவிஷன் பெட்டிகளுக்கிடையே ஒரு பொது எண். அந்த நாடாக்கள் மறைந்து எவ்வளவோ காலமாகிவிட்டது. எண் மறையவில்லை.

தட்டின் அளவுக்கு இதைவிட நல்ல கதை ஒன்று உண்டு. பெத்தோவனின் ஒன்பதாவது ஸிம்பொனி முழுவதும் ஒரே தட்டில் அடங்கவேண்டும் என்று ஸோனியில் யாரோ பிடிவாதம் பிடித்தார்களாம். 1951-ல் பெய்ரூத்தில் ஃபுர்ட்வாங்லர் நடத்திய நிகழ்ச்சி 74 நிமிஷம். ஆகவே தட்டு 12 செண்டிமீட்டர். பிடிவாதம் பிடித்தவர் ஸோனியின் ஓகா (சங்கீதம் படித்த மனிதர்தான்) என்று ஒரு பாடம், கராயான் என்று இன்னொரு பாடம், அதிகாரியின் மனைவி என்று மூன்றாவது. தலபுராணத்துக்குரிய எல்லா லட்சணங்களும் இதில் இருக்கின்றன. பிலிப்ஸில் அந்த வேலையிலேயே இருந்த பொறியாளர் கேஸ் இம்மிங்க் பின்னாளில் எழுதியது வேறு. பிலிப்ஸின் யோசனை 11.5 செண்டிமீட்டர். அந்த அளவில் தட்டு அடிக்கும் ஏற்பாடு பிலிப்ஸைச் சேர்ந்த பாலிகிராமிடம் ஹானோவரில் ஏற்கெனவே இருந்தது, ஸோனியிடம் இல்லை. அளவை மாற்றினால் போட்டியாளனின் முந்துகை போய்விடும். போதாததற்கு, மூலப் பதிவு இருந்த வீடியோ நாடா 72 நிமிஷத்துக்கு மேல் ஓடாது. ஆகவே எந்த ஃபுர்ட்வாங்லருக்காகத் தட்டே பெரிதாயிற்றோ, அந்த ஃபுர்ட்வாங்லர் பல வருஷங்கள் ஒரே தட்டில் அடங்க முடியாமலேயே இருந்தார்.

வியாபாரப் பேரம் கலையின் பெயரைச் சொல்லிக்கொண்டு வருவது புதிதல்ல. இலக்கியத்திலும் நாம் பார்த்ததுதான். இங்கே கவனிக்கவேண்டியது, கதையைப் பரப்பியவர்களில் பெரும்பாலோர் வியாபாரிகள் அல்ல, ரசிகர்கள் என்பது.

எம்.பி.3-க்கு வருகிறேன். காம்பாக்ட் டிஸ்கின் வாரிசாகவே எல்லோரும் இதை நினைக்கிறார்கள். இதன் உண்மையான தகப்பன் தொலைபேசி. தொலைபேசிக் கம்பியில் சுமார் 300-லிருந்து 3,400 ஹெர்ட்ஸ் வரைதான் போகும். ஒரே கம்பியில் எத்தனை பேச்சுகளைத் திணிக்கலாம் என்பது அமெரிக்கத் தொலைபேசிக் கம்பெனிக்கு லாபநஷ்டக் கேள்வி. அதற்குப் பதில் தெரிய வேண்டுமானால் மனிதக் காதுக்கு எது தேவை, எது தேவையில்லை என்று தெரியவேண்டும். காதைப் பற்றிய நவீன விஞ்ஞானத்தில் கணிசமான பங்கு இந்தக் கேள்விக்காகச் சம்பளம் வாங்கியவர்கள் செய்தது. ஓர் ஒலி இன்னோர் ஒலியை எப்படி மூடி மறைக்கிறது என்று வெகெலும் லேனும் 1924-ல் அளந்தார்கள். பெல் ஆய்வுக்கூடத்தில் ஹார்வி ஃப்ளெட்சர் அந்த வேலையைத் தொடர்ந்தார். 1929-ல் பிரின்ஸ்டனில் வெவர், பிரே என்ற இருவர் மயக்கத்திலிருந்த ஒரு பூனையின் செவி நரம்பைத் தொலைபேசியோடு இணைத்தார்கள். ஒருவர் பூனையின் காதில் பேச, மற்றவர் வேறோர் அறையில் அதைத் தெளிவாகக் கேட்டார். உயிருள்ள ஒரு காது மைக்ரோஃபோனாக இருந்தது.

இந்த வம்சாவளியை ஜொனதன் ஸ்டெர்ன் 2012-ல் வெளியான தம் நூலில் விரிவாகவே எழுதியிருக்கிறார். சுருக்கத்தின்மேல் அவருக்கு என்னைவிட அதிகப் பரிவு இருப்பதாக எனக்குப் படுகிறது.

ஜெர்மனியில் எர்லாங்கன் பல்கலைக்கழகத்தில் டீட்டர் ஸைட்ஸர் என்ற பேராசிரியர், தொலைபேசிக் கம்பி வழியாக வீடுகளுக்குச் சங்கீதம் அனுப்பலாம் என்றார். காப்புரிமை அலுவலகப் பரிசோதகர் இது முடியாத காரியம் என்று மனுவைத் திருப்பினார். முடியும் என்று காட்ட ஸைட்ஸர் பிடித்த ஆராய்ச்சி மாணவர்தான் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க். தட்டிலிருந்து விநாடிக்கு சுமார் 14 லட்சம் பிட்டுகள் வருகின்றன. அன்றைய புது டிஜிட்டல் தொலைபேசியின் இரண்டு தடங்களும் சேர்ந்து கொண்டுபோவது 1,28,000. பதினொன்றில் ஒரு பங்கு. மிச்சப் பத்து பங்கை என்ன செய்வது?

உரத்த ஒரு சுரத்தின் பக்கத்தில் நிற்கும் சன்னமான சுரம் காதில் விழுவதில்லை. உரத்த ஒலி நின்றபிறகும் சிறிது நேரம் இந்த மறைப்பு நீடிக்கும். விநோதம், அது தொடங்குவதற்குச் சற்று முன்னாலும்கூட உண்டு. எம்.பி.3 இந்த நிழல்களைக் கணக்கிட்டு, நிழலில் நிற்பதைச் சில சமயம் அறவே விட்டுவிடுகிறது. பெரும்பாலும் கொச்சையாக முழுதாக்குகிறது. தணிக்கைக்காரர் புரட்டாத பக்கங்களில் ரூபாயை நூறாக்கி எழுதுவதுபோல. பிழை நிழலுக்குள்ளேயே விழுவதால் தெரிவதில்லை. ஆகவே எம்.பி.3 கோப்பில் இருப்பது பாட்டு மட்டும் அல்ல. இதைத்தான் கேட்பான், இதைக் கேட்கமாட்டான் என்று முன்கூட்டியே முடிவு செய்யப்பட்ட ஒரு கேட்பவனும் அதற்குள் இருக்கிறான்.

யார் அவன்? 1990-ல் ஸ்டாக்ஹோமில், ஸ்வீடன் வானொலியில், போட்டி முறைகளைக் காதால் சோதித்தார்கள். கேட்டவர்கள் பழகிய காதுக்காரர்கள். போட்டுக் கேட்டவற்றில் கேஸ்டனெட், குளோக்கன்ஷ்பீல் மணிகள், ஓர் ஆண் பேச்சு, ஆர்னெட் கோல்மன், டிரேஸி சேப்மன், சூஸன் வேகா எல்லாம் உண்டு. நாகஸ்வரம் இல்லை, தம்புரா இல்லை. உடனே ஏகாதிபத்யம் என்று ஆரம்பித்துவிடும் நண்பர்கள் எனக்கு உண்டு. உட்செவியின் நத்தைக்கூடு தஞ்சாவூரிலும் ஸ்டாக்ஹோமிலும் ஒன்றுதான். அந்த வாதம் செல்லாது. என் ஆட்சேபம் வேறு. இந்த மாதிரிக்கு நத்தைக்கூடு தெரியும், கவனம் தெரியாது. பாடுகிறவர் மூச்சு வாங்கும் இடத்தில் தம்புரா மேலெழுந்து வரும் என்று காத்திருப்பவனுடைய காதும், பஸ்ஸில் நின்றுகொண்டு கேட்பவனுடைய காதும் அதற்கு ஒன்றுதான்.

இதைப் பிராண்டன்பர்க்கே வேறு வழியில் கண்டுகொண்டார். சூஸன் வேகா பக்கவாத்தியம் எதுவும் இல்லாமல் பாடிய 'டாம்ஸ் டைனர்' 1987-ல் இசைத்தட்டாக வந்தது. ஒலிபெருக்கிகளைச் சோதிக்க ஒரு பத்திரிகைக்காரர் அதைப் பயன்படுத்துவதாகப் படித்து, முடியும் தறுவாயில் இருந்த தம் முறையில் அதைப் போட்டுப் பார்த்தார். மற்ற சங்கீதங்களுக்கெல்லாம் சரியாக இருந்த முறை, இந்த ஒற்றைக் குரலைக் கரகரப்பாக்கிச் சிதைத்துவிட்டது. ஒளிந்துகொள்ள நிழல் இல்லை. அந்தப் பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டுத்தான் மாதிரியைத் திருத்தினார். மாதிரிக்குக் கேட்கத் தெரியாததைக் கேட்ட ஒரு குறிப்பிட்ட மனிதர் அங்கே தேவைப்பட்டார். விமர்சனம் என்று நான் சொல்வது இதைத்தான். பொறியாளர்கள் அதைப் பிழைதிருத்தம் என்கிறார்கள்.

பிறகு நடந்தது வேகமாக நடந்தது. 1995 ஜூலையில் கோப்புக்குப் பெயர் வைத்தார்கள். 1999-ல் நாப்ஸ்டர் வந்து உலகத்தின் பாட்டையெல்லாம் இலவசமாக்கியது. 2001-ல் நீதிமன்றம் அதை மூடவைத்தது. அதே வருஷம் ஐபாட், ஆயிரம் பாட்டு. 2003-ல் ஒரு பாட்டு 99 சென்ட். 2008-ல் ஸ்பாட்டிஃபை: வாங்கவேண்டியதில்லை, வாடகை போதும். தட்டு வாங்கினவன் அதை நண்பனுக்குக் கொடுக்கலாம், பழைய புத்தகக்கடையில் போடலாம், பிள்ளைக்கு விட்டுப்போகலாம். வாடகைக்காரனுக்கு இதெல்லாம் கிடையாது. புத்தகத்துக்கும் இதே கதி என்பதை 2009-ல் அமேஸான் காட்டியது: உரிமை இல்லாதவர்கள் விற்ற பதிப்பு என்பதால், பணம் கொடுத்து வாங்கியவர்களின் கின்டில்களிலிருந்து தானே அழித்துவிட்டது. அழிக்கப்பட்டவற்றில் ஆர்வெலின் '1984' ஒன்று. எல்.பி. தட்டின் கீறல் சத்தத்துக்காக ஏங்குகிறவர்கள்மேல் எனக்கு அனுதாபம் இல்லை, எல்.பி.யும் விட்டுவிட்டதுதான் ஏராளம். ஆனால் தட்டு அவர்கள் அலமாரியில் இருந்தது.

எம்.பி.3-இன் காப்புரிமைகள் காலாவதியாகி 2017-ல் உரிமம் விற்பதையே நிறுத்திவிட்டார்கள். கம்பி இன்று எவ்வளவோ அகலம். ஆனாலும் வந்துசேரும் பாட்டில் பெரும்பகுதி இன்னும் இப்படிக் கழித்து எழுதியதுதான், எம்.பி.3-க்குப் பின் வந்த முறைகளும் அதே நிழலைத்தான் நம்புகின்றன.

கழித்ததைக் கேட்கவும் ஒரு வழி இருக்கிறது. ரையன் மக்வயர் என்ற அமெரிக்க இசையமைப்பாளர் 2014-15 வாக்கில், 'டாம்ஸ் டைனர்' எம்.பி.3 ஆகும்போது விட்டுப்போனவற்றை மட்டும் பொறுக்கி ஒரு துண்டு செய்தார். மூலப் பெயரின் ஆங்கில எழுத்துகளை இடம் மாற்றி அதற்கு வைத்த பெயர் 'மாடர்னிஸ்ட்'. கேட்டேன். சொற்கள் பிடிபடவில்லை. சகரங்களின் ஓரம், உதடு பிரிகிற சத்தம், எங்கோ பக்கத்து அறையில் யாரோ பாடுவதுபோல ஒரு குரலின் விளிம்பு. குரல் நின்றபிறகும் அந்த அறை சற்று நேரம் கேட்கிறது.